குறைந்த விலை 'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன்... வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

காலை ஏழரை மணி டவுன் பஸ்ஸில் ஏறினால், பாதிப் பேர் காதில் ஏதாவது ஒன்று இருக்கிறது. ஒருவர் பாட்டு கேட்கிறார். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பெண், முந்தைய நாள் வகுப்பின் ஆடியோவைக் கேட்கிறார். இன்னொருவர் அலுவலக மீட்டிங்கில் இருக்கிறார். டிரைவர் கியர் மாற்றி, இன்ஜின் உறுமும்போதெல்லாம் இவர்களின் கட்டைவிரல் வால்யூம் பட்டனைத் தேடிப் போகிறது. பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் அந்த வால்யூம் குறைவதில்லை.

அந்தக் கட்டைவிரலுக்கு வேலை வைக்காமல் இருப்பதற்குத்தான் 'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன்கள் வந்தன. ஒரு காலத்தில் இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தால்தான் கிடைத்த இந்த வசதி, இன்று 2,000 ரூபாய் இயர்பட்ஸிலும் இருப்பதாக அட்டைப்பெட்டி சொல்கிறது. அது உண்மைதானா? 2,000-க்கும் 8,000-க்கும் என்ன வித்தியாசம்? மகனுக்கோ, மகளுக்கோ, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நமக்கோ ஒன்று வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

சத்தத்தைச் சத்தத்தால் அடக்குவது

தத்துவம் எளிமையானது. ஒலி என்பது காற்றில் ஏறி இறங்கும் அலை. ஓர் அலை மேலே ஏறும் அதே நொடியில், அதே அளவுக்குக் கீழே இறங்கும் இன்னொரு அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹெட்போனில் உள்ள சின்ன மைக், வெளி இரைச்சலைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சிப், அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியாகக் காதுக்குள் அனுப்புகிறது. இதுதான் 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்', சுருக்கமாக ஏ.என்.சி.

எதிர் அலையால் சத்தத்தை அடக்கும் யோசனைக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதை ஹெட்போனுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற தந்தைக்குப் பிறந்த அமர் போஸ். 1978-ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டன் திரும்பும் விமானத்தில், கொடுத்த ஹெட்போனில் பாட்டைவிட இன்ஜின் இரைச்சலே அதிகம் கேட்டதால், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய போஸ் நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989-ல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொதுமக்களுக்கான ஹெட்போன் வர 2000-ம் ஆண்டாகிவிட்டது.

விமானத்தில் பிறந்த யோசனை என்பதால், இதன் பலமும் பலவீனமும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. இடைவிடாமல், ஒரே மாதிரி, தாழ்ந்த சுருதியில் ஓடும் சத்தத்தை இது நன்றாக அடக்கும். பஸ் இன்ஜின், ரயில் ஓட்டம், ஃபேன், ஏ.சி, ஜெனரேட்டர் எல்லாம் இந்த வகை. திடீரென வரும் சத்தமும் உயர்ந்த சுருதியும் இதற்குச் சவால். குக்கர் விசில், பஸ் ஹாரன், குழந்தையின் அழுகை, பக்கத்து வீட்டுப் பேச்சு ஆகியவற்றை எதிர் அலையால் பெரிதாகத் தடுக்க முடியாது. அவற்றைத் தடுப்பது காதை அடைத்திருக்கும் ரப்பரும் பஞ்சும்தான். 'போட்டால் உலகமே அமைதியாகிவிடும்' என்று எதிர்பார்த்து வாங்கினால், 30,000 ரூபாய் ஹெட்போனிலும் ஏமாற்றமே மிஞ்சும்.

காதுக்கும் ஒரு பட்ஜெட் உண்டு

பிறகு எதற்கு இந்தச் செலவு? உண்மையான பயன், கேட்கும் வால்யூம் குறைவதில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் காதுக்கு ஒரு வாரக் கணக்கு வைத்திருக்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். சத்தம் கூடினால் நேரம் மளமளவென்று குறைந்துவிடும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 20 நிமிடம்.

இதை வீட்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். கல்லூரிக்குப் போக 40 நிமிடம், வர 40 நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 8 மணி நேரம். பஸ் இரைச்சலை மீற வேண்டும் என்பதற்காக 90 டெசிபலில் கேட்டால், வாரத்துக்கு உள்ள அளவில் இரண்டு மடங்கு பயணத்திலேயே செலவாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்து கேட்கும் ஆன்லைன் வகுப்பெல்லாம் இதற்கு மேல்.

உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடி போன்ற செல்கள், ஒரு காதுக்கு சுமார் 15,000 தான் இருக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இழப்பு வலியோடு வருவதும் இல்லை. முதலில் உயர்ந்த சுருதி ஒலிகள் மங்கும். கூட்டத்தில் யாராவது பேசினால் 'என்ன சொன்னீங்க?' என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதில் 'ங்ங்' என்ற ரீங்காரம் இருந்தாலோ, காது அடைத்ததுபோல் இருந்தாலோ, அது காது கொடுக்கும் எச்சரிக்கை. ரீங்காரம் மறுநாளும் தொடர்ந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஆகவே ஒரு பட்ஜெட் ஹெட்போனை மதிப்பிட ஒரே ஒரு கேள்வி போதும்: 'இதைப் போட்டால், பஸ்ஸில் எத்தனை படி வால்யூம் குறைகிறது?' மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓர் எழுத்தில் இருக்கிறது வித்தியாசம்

கடையிலும் ஆன்லைனிலும் அதிகம் பேர் குழம்பும் இடம் இது. ஏ.என்.சி என்பது உங்கள் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது. ஈ.என்.சி என்பது நீங்கள் போனில் பேசும்போது, உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாமல் குறைப்பது. 'என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்' என்பதன் சுருக்கம் அது.

இரண்டிலும் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்ற சொல் இருப்பதால், 'நாய்ஸ் கேன்சலிங் மைக்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி வந்து, 'ஃபேன் சத்தம் அப்படியே கேட்குதே' என்று திகைப்பவர்கள் ஏராளம். ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் பலவற்றில் இருப்பது ஈ.என்.சி மட்டுமே. அது பயனற்றது அல்ல. மிக்ஸி ஓடும் வீட்டிலிருந்து வாடிக்கையாளரிடம் பேச வேண்டியவருக்கு, ஏ.என்.சி-யைவிட நல்ல ஈ.என்.சி தான் முக்கியம். எது தேவை என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, '32 டெசிபல்', '50 டெசிபல்' என்று பெட்டியில் போடும் எண். 'வரை' என்ற சொல் அதோடு சிறிய எழுத்தில் ஒட்டியிருக்கும். எல்லாச் சத்தத்தையும் அவ்வளவு குறைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏதோ ஒரு தாழ்ந்த சுருதியில், சோதனைக்கூடத்தில், கச்சிதமாகப் பொருந்திய நிலையில் கிடைத்த உச்ச அளவு அது. இரண்டு கம்பெனிகளின் எண்ணை அருகருகே வைத்து, 'இது 50, அது 40, அதனால் இதுதான் சிறந்தது' என்று முடிவு செய்ய முடியாது.

'ஹைபிரிட் ஏ.என்.சி' என்ற சொல்லுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. வெளியே ஒரு மைக், உள்ளே காதுப் பக்கம் ஒரு மைக் என இரண்டு இடங்களில் கேட்டுச் சரிசெய்வது அது. வெளி மைக் மட்டும் உள்ளவற்றைவிடப் பொதுவாக இது நன்றாக வேலை செய்யும்.

உங்கள் காதுக்கு எந்த வடிவம்?

காதை முழுக்க மூடும் ஹெட்போன்: பஞ்சு வளையமே பாதிச் சத்தத்தை அடைத்துவிடும். நீண்ட நேரம் படிப்பவர்களுக்கு ஏற்றது. பேட்டரியும் அதிகம் நிற்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் அரை மணி நேரத்தில் காது வேர்க்கும். மூக்குக்கண்ணாடியின் கம்பி, பெரிய ஜிமிக்கி, உயரமான கொண்டை ஆகியவை பஞ்சு சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விடும். இடைவெளி விட்டால் ஏ.என்.சி-யும் பாதியாகிவிடும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். எடையையும் பாருங்கள். 200 கிராமுக்குள் இருந்தால் கழுத்து வலிக்காது.

ரப்பர் முனை உள்ள இயர்பட்ஸ்: பட்ஜெட்டில் ஏ.என்.சி அதிகம் கிடைப்பது இதில்தான். பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று ஜோடி ரப்பர் முனை இருக்கும். பலர் மாட்டியிருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். மூன்றையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. சரியான முனையைப் போட்டால், ஏ.என்.சி போடும் முன்பே ஃபேன் சத்தம் குறைந்திருக்கும்.

ரப்பர் இல்லாத, காதில் சும்மா தொங்கும் பட்ஸ்: காது வலிக்காது, வியர்க்காது. ஆனால் காது அடைபடாததால் இதில் ஏ.என்.சி இருந்தாலும் பலன் குறைவு. இரைச்சலைக் குறைப்பதற்காகவே வாங்குபவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

நெக்பேண்ட்: கழுத்தில் தொங்குவதால் பஸ்ஸில் ஒரு பக்கம் கழன்று விழுந்து தொலையும் பயம் இல்லை. சிலவற்றில் ஏ.என்.சி-யும் உண்டு. தினமும் நெரிசலில் பயணிப்பவர்கள் பரிசீலிக்கலாம்.

வீட்டிலேயே செய்யலாம் ஆறு சோதனைகள்

ஆன்லைனில் வாங்கினால், திருப்பித் தரும் காலக்கெடு எத்தனை நாள், பணம் திரும்ப வருமா, மாற்றுப் பொருள் மட்டும்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகளை முடித்துவிட வேண்டும்.

1. ஃபேன் சோதனை: பாட்டு எதுவும் போடாமல், முழு வேகத்தில் ஓடும் சீலிங் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். ஏ.என்.சி-யை மாற்றி மாற்றிப் போட்டு, அணைத்துப் பாருங்கள். ஃபேனின் 'ஊம்' என்ற அடிச்சத்தம் தெளிவாக விலக வேண்டும். வித்தியாசத்தைத் தேட வேண்டியிருந்தால், அந்த ஏ.என்.சி பெயருக்குத்தான்.

2. அமைதி சோதனை: இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு ஏ.என்.சி-யை மட்டும் போடுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் விலை குறைந்தவற்றில் சகஜம். அது தொந்தரவாக இருக்கிறதா, காதில் அழுத்தம் அல்லது தலைச்சுற்றல் வருகிறதா என்று பாருங்கள். சிலருக்கு இந்த அழுத்தம் ஒத்துக்கொள்வதில்லை.

3. பஸ் சோதனை: இதுதான் முக்கியம். பாட்டு வேண்டாம், யாராவது பேசும் ஆடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.என்.சி இல்லாமல், ஒவ்வொரு சொல்லும் புரியும் வரை வால்யூமைக் கூட்டி, அது எத்தனையாவது படி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏ.என்.சி-யைப் போட்டுவிட்டு, அதே அளவுக்குப் புரியும் வரை குறையுங்கள். மூன்று, நான்கு படி குறைந்தால் கொடுத்த பணத்துக்குப் பலன் இருக்கிறது. சில மாடல்களில் ஏ.என்.சி போட்டதும் ஒலியே கூடிவிடும் என்பதால், அமைதியான அறையிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4. போன் சோதனை: தெருமுனையில் நின்று வீட்டுக்குப் பேசுங்கள். பேச்சைக் கேட்பவர்தான் மார்க் போட வேண்டும். காற்று வீசும்போது மைக்கில் 'புஸ் புஸ்' என்று அடிக்கிறதா என்றும் கேளுங்கள்.

5. உதட்டசைவு சோதனை: ஒரு வீடியோவில் பேசுபவரின் உதடும் ஒலியும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். கேம் ஆடுபவர்கள் அதிலும் தனியாகப் பார்க்க வேண்டும். வீடியோவில் தெரியாத தாமதம் கேமில் தெரியும்.

6. இரண்டு மணி நேரச் சோதனை: கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் அணிந்தால்தான் காது மடல் வலிக்கிறதா, உச்சந்தலை அழுந்துகிறதா என்று தெரியும்.

பேட்டரியும் மற்ற எண்களும்

பெட்டியில் '40 மணி நேரம்' என்று பெரிதாக இருக்கும். இயர்பட்ஸ் என்றால் அது பெரும்பாலும் சார்ஜ் பெட்டியையும் சேர்த்து, ஏ.என்.சி-யை அணைத்து வைத்துச் சொன்ன கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது, 'ஏ.என்.சி போட்டு, ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம்?' என்பதை. சோனியின் டபிள்யூ.ஹெச்-சி.ஹெச்720என் ஹெட்போனுக்கு, ஏ.என்.சி இல்லாமல் 50 மணி நேரம், போட்டால் 35 மணி நேரம் என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. இப்படி இரண்டு எண்ணையும் தனித்தனியாகச் சொல்லும் பெட்டியை நம்பி ஒப்பிடலாம்.

'எல்.டி.ஏ.சி' போன்ற உயர்தர ஒலி வசதிக்குக் கூடுதல் பணம் கேட்டால், உங்கள் போனிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் அது வேலை செய்யாது. பாடம் கேட்கவும் பேசவும் வாங்குபவர்களுக்கு அது தேவையும் இல்லை. அதைவிட, லேப்டாப்பிலும் போனிலும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் 'மல்டிபாயின்ட்' வசதி, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு உபயோகமானது. வியர்வைக்கு ஐ.பி.எக்ஸ்4 தரம் போதும். அதை நம்பி மழையிலோ குழாயடியிலோ நனைக்கக் கூடாது.

இயர்பட்ஸ் பேட்டரியை மாற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம். தினமும் பயன்படுத்தினால் சில ஆண்டுகளில் அதன் சக்தி குறைந்துவிடும். ஒரு பக்கப் பட்ஸ் தொலைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா, ஊரிலோ பக்கத்து நகரத்திலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

போலியிடம் ஏமாறாதீர்கள்

பிரபல பிராண்டின் 8,000 ரூபாய் பட்ஸ், 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற பெயரில் 900 ரூபாய்க்குக் கிடைத்தால், உள்ளே இருப்பது வேறு. பார்க்கவும், போனில் இணையும்போதும் அசல்போலவே தெரியும். ஏ.என்.சி பட்டனும் திரையில் இருக்கும், அதை அழுத்தினால்தான் எதுவும் நடக்காது.

இந்தியாவில் விற்கும் ஒயர்லெஸ் ஹெட்போன்களுக்கு இந்திய தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்-ஸின் பதிவு கட்டாயம். பெட்டியிலோ பொருளிலோ 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் அதைப் போட்டால், எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, புகார் எண் ஆகியவையும் பெட்டியில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

யாருக்கு எவ்வளவு செலவு?

ஒரே அறையில் டி.வி-யும் படிப்பும் நடக்கும் வீட்டில், தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு, காதை மூடும் ஹெட்போனே நல்ல முதலீடு. பாட்டே போடாமல், ஏ.என்.சி-யை மட்டும் போட்டுக்கொண்டு படிக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. டி.வி வசனம் முழுக்க மறையாது, ஆனால் ஃபேனும் தெருவும் விலகினால் கவனம் சிதறுவது குறையும். பஸ், ரயில் பயணத்துக்கு ரப்பர் முனை பட்ஸ் போதும். அமைதியான வீட்டில் போன் பேச மட்டும் என்றால், ஏ.என்.சி-க்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. தூங்கவும் படிக்கவும் சத்தம் குறைந்தால் போதும் என்பவர்கள், மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானை முதலில் முயன்று பார்க்கலாம். பேச்சுச் சத்தத்தை அது பல ஏ.என்.சி பட்ஸைவிட நன்றாகவே அடைக்கும்.

போடக் கூடாத இடங்கள்

வண்டி ஓட்டும்போதும், சாலையைக் கடக்கும்போதும், ரயில் தண்டவாளத்தின் அருகிலும் ஹெட்போனே வேண்டாம். ஏ.என்.சி அடக்கும் தாழ்ந்த சத்தம்தான், பின்னால் வரும் லாரியின் சத்தமும். நடைப்பயிற்சிக்குப் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள், வெளிச்சத்தத்தை உள்ளே விடும் 'டிரான்ஸ்பரன்சி' முறையில், ஒரு காதில் மட்டும் போடலாம். தொட்டில் குழந்தை இருக்கும் வீட்டில், தனியாகப் பார்த்துக்கொள்பவர் இதைப் போடாமல் இருப்பதே சரி.

காதில் சீழ், அரிப்பு, வலி இருந்தால் சரியாகும் வரை பட்ஸைத் தொட வேண்டாம். தலைக்குக் குளித்த ஈரக் காதோடு போடாதீர்கள். ரப்பர் முனையை வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அக்காவும் தம்பியும் ஒரே பட்ஸை மாற்றி மாற்றிப் போடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

பிள்ளைகளின் போனில் வால்யூமுக்கு ஒரு எல்லை வைக்கலாம். ஐபோன் அமைப்புகளில் ஒலிக்கான பகுதியில், 'ஹெட்போன் சேஃப்டி' என்ற இடத்தில் உரத்த ஒலியைக் குறைக்கும் வசதி உண்டு. 75 டெசிபல் முதல் அதை அமைக்கலாம். ஆண்ட்ராய்டு போன்களில், வால்யூம் ஓர் அளவைத் தாண்டும்போது வரும் எச்சரிக்கையைப் படிக்காமலே 'ஓகே' கொடுக்காதீர்கள்.

பிள்ளை ஹெட்போன் போட்டிருக்கும்போது, ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள். ஏ.என்.சி-யை அணைத்த பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், வால்யூம் இரண்டு படி குறைய வேண்டும். எந்த விலை ஹெட்போனுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.